மேகாலயா வேர்ப் பாலங்கள்: வளர்ப்பது யார், காப்பது யார்?

மலைநாடன்

மேகாலயாவின் நொங்ரியாட் கிராமத்தில் உள்ள இரட்டை அடுக்கு வேர்ப் பாலத்தின் காணொளி ஒன்று இந்த வாரம் பல குழுக்களில் சுற்றுகிறது. "மனிதக் கை படாமல் இயற்கையே கட்டிய பாலம்" என்று அதற்குத் தலைப்பு. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. பாலத்தை வளர்த்தவர்களையே இல்லாமல் ஆக்கிவிடுகிற தலைப்பு அது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மேகாலயாவின் தெற்குச் சரிவு, வங்கதேசச் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் மலைப்பகுதி. அங்கே வாழும் காசி, ப்னார் மக்கள், குறிப்பாகச் சரிவுகளில் குடியிருக்கும் வார் பிரிவினர், தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் பாலங்கள் இவை. ஜிங்கியெங் ஜ்ரி என்பது அவர்கள் வைத்த பெயர். ஓடைக்கரையில் மரத்தை நட்டு, அதன் விழுதுகளை எதிர்க்கரைக்குக் கொண்டுபோய், மண்ணில் ஊன்றவைத்து, பின்னி, முறுக்கி, இடையில் கல்லும் மண்ணும் இட்டு நிரப்பி நடைபாதை ஆக்குகிறார்கள். ஆள் நம்பி நடக்கிற அளவுக்கு வர 15 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

மூங்கிலை வெட்டிப் போட்டால் போதாதா, ஏன் இத்தனை வருடக் காத்திருப்பு என்று கேட்கலாம். அங்கே பெய்கிற மழைதான் காரணம். மௌசின்ராமிலும் சோஹ்ராவிலும் (நாம் பள்ளியில் சிரபுஞ்சி என்று படித்த அதே ஊர்) ஆண்டுச் சராசரி 11,000 மி.மீ.க்கு மேல். சென்னைக்குச் சுமார் 1,400. அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை, பன்னிரண்டே மாதத்தில் சிரபுஞ்சியில் 26,461 மி.மீ. பெய்தது. அந்த உலக சாதனையை இன்றுவரை எந்த ஊரும் தாண்டவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் மூங்கில் பாலம் சீக்கிரமே மட்கிவிடும், இல்லையென்றால் காட்டாற்றோடு போய்விடும். மூங்கிலைத் தின்கிற அதே ஈரம்தான் விழுதுக்குத் தீனி.

விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எப்படி வளர்க்கிறார்கள், எவ்வளவு எடை தாங்கும், சாலைகள் வந்த பிறகு இவற்றின் கதி என்ன?

குமரித்தோட்டம்

எங்கள் பக்கம் ரப்பர் தோட்டம்தான் பிழைப்பு. இதையும் ரப்பர் மரம் என்கிறார்கள். ஆனால் எங்கள் மரத்தில் விழுது என்ற ஒன்றே கிடையாதே?

கார்த்திகா

அண்ணா, இரண்டும் வேறு வேறு மரங்கள். உங்கள் தோட்டத்தில் இருப்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆமணக்குக் குடும்பம். வேர்ப் பாலத்து மரம் ஃபைகஸ் எலாஸ்டிகா. ஆல், அரசு, அத்தி இவற்றின் உறவு. நகரத்து வீடுகளில் தொட்டியில் வைத்திருப்பார்களே, தடித்த, பளபளக்கும் இலை, "ரப்பர் செடி" என்று நர்சரியில் விற்பது, அதேதான். இதிலும் பால் வரும். 19ஆம் நூற்றாண்டில் அஸ்ஸாம் காடுகளில் இதைக் கீறிப் பால் எடுத்தார்கள். ஆங்கிலேயர் சார்துவாரில் தோட்டமே போட்டார்கள். பிறகு உங்கள் மரத்தின் பால் தரத்திலும் அளவிலும் முந்திக்கொண்டதால் இது கைவிடப்பட்டது.

காட்டில் இந்த மரம் பெரும்பாலும் தரையில் முளைப்பதில்லை. பறவை எச்சத்தோடு விதை பாறை மேலோ வேறொரு மரத்தின் கவட்டிலோ விழும். அங்கே முளைத்து, மண்ணைத் தேடி வேரை வெளியே நீட்டும். மண்ணே இல்லாத செங்குத்துக் கரையில், உருண்டைப் பாறைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிழைக்கத் தெரிந்த மரம். காட்டாறு கரையை அரிக்கிற இடத்தில் இதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்காது.

வளர்க்கும் முறை இடத்துக்கு இடம் மாறும். சில ஊர்களில் கமுகு மரத்தைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டிவிட்டு, அந்தக் காடியை ஓடையின் குறுக்கே போடுவார்கள். இளம் விழுதை அதற்குள் படுக்கவைத்தால் நேராகவும் போகும், காயாமலும் இருக்கும். வேறு சில ஊர்களில் மூங்கில் சாரம் கட்டி, அதன் மேல் விழுதுகளைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோவார்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சாரம் சில வருடங்களில் மட்கிவிடும். விழுது எதிர்க்கரையைத் தொடுவதற்குள் அதைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். பாலம் முடிவதற்குள் ஊர் பல சாரங்களைக் கட்டி முடித்திருக்கும்.

வளைக்க முடிவது இளம் விழுதை மட்டும்தான். விரல் மொத்தத்தில் இருக்கும்போது கயிறுபோலச் சொன்னபடி கேட்கும், முடிச்சுகூடப் போடலாம். தடித்துவிட்டால் வளைக்கப் பார்த்தால் முறியும். எதிர்க்கரை மண்ணில் நுனி ஊன்றிய பிறகுதான் அது வேகமாகப் பருக்கும்.

அடுத்தது ஒட்டிக்கொள்ளும் குணம். இரண்டு விழுதுகளை இறுக்கிப் பின்னி வைத்தால், உரசும் இடத்தில் பட்டை நைந்து, உள்திசுக்கள் ஒன்றாகிவிடும். சில வருடம் கழித்துப் பார்த்தால் எது எந்த விழுது என்று பிரிக்க முடியாது. விழுது என்றால் ஏதோ தொங்கும் நார் என்று நினைப்பவர்கள் அடையாறு ஆலமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1989இல் அடிமரம் சாய்ந்தது. இன்று மரம் நிற்பது விழுதுகளின் மேல்தான்.

குமரித்தோட்டம்

நன்றி சகோதரி. கமுகை இப்படிப் பயன்படுத்துவது புதுச் செய்தி.

அன்வர்_கட்டமைப்பு

பாலப் பணிகளில் இருப்பவன் என்ற முறையில் சில கேள்விகள்.

"வருடம் போகப் போக வலு கூடும்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கான்கிரீட்டோ எஃகோ திறப்பு விழா முடிந்த நாளிலிருந்து தேயத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் வேர் தடிக்கும்போது அதன் சொந்த எடையும் கூடுகிறதே? விட்டம் இரண்டு மடங்கானால் இழுவிசையைத் தாங்கும் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும். மீட்டருக்கான எடையும் அதே நான்கு மடங்காகும். இழுவிசையை மட்டும் கணக்கில் எடுத்தால், சொந்த எடையைப் பொறுத்தவரை லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மேலே நடக்கும் மனிதர்களின் எடை மட்டும் மாறாமல் இருப்பதால் அதற்குரிய பாதுகாப்பு கூடுகிறது. அது சரி. நடைபாதையில் கொட்டும் கல், மண், மழையில் ஊறிய இலைச்சருகு? அதுவும் எடைதானே?

இன்னொன்று. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம் என்கிறார்கள். யார் சோதித்தது?

கார்த்திகா

அன்வர் சார், நல்ல கணக்கு. இரண்டு விஷயங்களை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வேர் உருண்டையாக ஒரே சீராகப் பருப்பதில்லை. எந்தப் பக்கம் சுமை விழுகிறதோ அந்தப் பக்கம் கூடுதலாகத் திசு வைக்கும். முதுகு உயர்ந்த, பலகைபோல நிமிர்ந்த வேர்களை அந்தப் பாலங்களில் பார்க்கலாம். வளைவைத் தாங்குவதற்கு வட்ட வடிவத்தைவிட அந்த வடிவம் எவ்வளவு மேல் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது, சுமை ஒரே வடத்தில் போகவில்லை. ஒட்டிப்போன வலைப்பின்னல் அது. ஒரு வேர் அழுகினால் சுமை பக்கத்து வேர்களுக்கு மாறும். அந்த இடத்தில் புது விழுதைச் செருகி நாலைந்து வருடத்தில் தேற்றிவிடுவார்கள்.

ஐம்பது பேர் கணக்கை நானும் வடிவமைப்பு எண்ணாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பாலத்துக்குப் பாலம் மாறும்.

அளந்து பார்த்தவர்கள் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபெர்டினாண்ட் லுட்விக், வில்ஃப்ரிட் மிடில்டன், ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஷ்பெக் ஆகியோர் அடங்கிய குழு 74 பாலங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2019இல் கட்டுரை வெளியிட்டது. பாலங்களைப் பல கோணங்களில் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து கணினியில் முப்பரிமாண உருவம் எடுத்தார்கள். எந்த இரண்டு பாலமும் ஒரே மாதிரி இல்லாததால் வரைபடம் இப்படித்தான் எடுக்க முடியும்.

வானதி

பெருவில் கெஸ்வாசாகா என்ற புல் பாலம் இருக்கிறதே, அதுவும் இதே வகைதானா? ஜப்பானில் இயா பள்ளத்தாக்கிலும் கொடிப் பாலம் உண்டு.

கார்த்திகா

உயிர் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம் வானதி. கெஸ்வாசாகாவில் வெட்டிய புல்லைக் கயிறாகத் திரித்துப் பின்னுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஜூனில் ஊர்கள் ஒன்றுகூடிப் பழையதை அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டும். இயாவில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொடியை மாற்றுகிறார்கள், உள்ளே எஃகு வடமும் ஓடுகிறது. இரண்டுமே வெட்டிய பொருள். மேகாலயாவுக்கு நெருங்கிய உறவு என்றால் சுமத்ராவின் மேற்குக் கரையில் பெசிசிர் செலாத்தானில் உள்ள வேர்ப் பாலம். பாத்தாங் பாயாங் ஆற்றின் இரு கரையிலும் நின்ற மரங்களின் வேர்களைப் பின்னியது. 1890 வாக்கில் தொடங்கி, இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகே ஆட்கள் நடந்தார்கள். நாகாலாந்தின் மோன் மாவட்டத்திலும் வேர்ப் பாலம் உண்டு.

ஷில்லாங்வாசி

வேலை நிமித்தம் பல வருடமாக ஷில்லாங்கில் குடியிருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மரத்தையும் எடையையும் பேசிவிட்டீர்கள். பாலம் எதற்காக என்பதை யாரும் இன்னும் பேசவில்லை.

பாக்குக்காக. நம் ஊரில் விருந்தாளிக்கு வெற்றிலை பாக்கு வைப்பதுபோல காசி வீடுகளில் முதலில் நீட்டுவது க்வாய், அதாவது பச்சைப் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும். நடந்து போகும் தூரத்தைக்கூட எத்தனை பாக்கு மெல்லும் நேரம் என்று சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. அந்தப் பாக்கு மேலே ஷில்லாங் மேட்டுநிலத்தில் விளையாது, குளிர். தெற்குச் சரிவில் வார் நாட்டில்தான் விளையும். கமுகு, அதன் மேல் படரும் வெற்றிலை, மிளகு, பிரிஞ்சி இலை, ஆரஞ்சு, பலா, தேன், எல்லாம் சரிவுத் தோட்டங்களில். வீடு ஒரு பக்கம், தோட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம், சந்தை இன்னும் கீழே. முதுகில் கூடை, அதன் பட்டை நெற்றியில். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் தோட்டத்துக்குப் போக முடியாது, விளைந்தது அழுகும். பாலம் இருந்தால்தான் அந்த மாதங்களில் வருமானம்.

சரக்கு எங்கே போனது? பெரும்பகுதி கீழே, இன்று வங்கதேசத்தில் இருக்கும் சில்ஹெட் சமவெளிக்கு. மலையடிவாரச் சந்தைகளில் பாக்கையும் ஆரஞ்சையும் கொடுத்து அரிசி, கருவாடு, துணி வாங்கிப் போவார்கள். 1947இல் சில்ஹெட் கிழக்குப் பாகிஸ்தானோடு போனது. நடுவில் எல்லைக்கோடு விழுந்துவிட்டது. காலங்காலமாக இறங்கிப்போன சந்தை வேறு நாடாகிவிட்டது. வார் நாட்டின் பொருளாதாரம் அந்த அடியிலிருந்து முழுதாக எழவே இல்லை. பிறகு பல இடங்களில் கமுகுக்குப் பதிலாகத் துடைப்பப் புல் வந்தது. புல் சீக்கிரம் பணம் தரும், ஆனால் சரிவைப் பிடித்து நிறுத்தாது. சில பாதைகளில் நடமாட்டமே நின்றது. ஆள் நடக்காத பாதையில் பாலத்தை யார் கவனிப்பார்கள்? வேர்ப் பாலங்கள் அழிந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்வதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றுகிறது.

பராமரிப்பு எப்படி என்று கேட்பீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் தோர்பார் ஷ்னோங் என்ற ஊர்ச் சபை உண்டு, ரங்பா ஷ்னோங் அதன் தலைவர். பாதையைச் செதுக்குவது, படிக்கல் நிமிர்த்துவது, பாலத்துக்குக் கல்மண் இடுவது, எல்லாம் ஊர் சேர்ந்து செய்யும் வேலை. ஆனால் பாலத்தின் உண்மையான பராமரிப்பு அதில் முடிவதில்லை. தோட்டத்துக்குப் போகிறவர் புதிதாகத் தொங்கும் ஒரு விழுதைப் பார்த்தால், நின்று, அதை எடுத்து, பக்கத்து வேரைச் சுற்றிச் செருகிவிட்டுப் போவார். நாளும் நாலு பேர் அப்படிச் செய்வதால்தான் பாலம் பாலமாக இருக்கிறது. நிறுத்திவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு வளரும், நடைபாதையில் ஓட்டை விழும்.

மலைநாடன்

ஷில்லாங்வாசி ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன். மரத்தைச் சுற்றியே பேச்சு போய்க்கொண்டிருந்தது. 1947ஐயும் பாலத்தையும் சேர்த்து இதுவரை நான் யோசித்ததில்லை.

இன்னொரு கேள்வி. "500 ஆண்டுப் பழமை" என்று எல்லா இடத்திலும் ஒரு எண் வருகிறதே, அதற்கு அடிப்படை உண்டா?

ஷில்லாங்வாசி

ஊர்க்காரர்களைக் கேட்டால் "பாட்டனார் காலத்துக்கு முன்னால்" என்பார்கள், அவ்வளவுதான். காசி மொழி இன்றைய எழுத்துவடிவம் பெற்றதே 1841இல் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் சோஹ்ராவுக்கு வந்த பிறகுதான். அதற்கு முந்தைய ஊர்ப் பதிவுகளைத் தேடினால் கிடைக்காது. எழுத்தில் உள்ள பழைய சான்று என்றால் ஹென்றி யூல் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1844இல் வங்காள ஆசியக் கழக இதழில் எழுதியது. அவர் பார்க்கும்போதே பாலங்கள் முழு வளர்ச்சியில் இருந்தன.

கார்த்திகா

மரத்தின் ஆண்டு வளையத்தை எண்ணியும் கண்டுபிடிக்க முடியாது. இந்த வகை மரங்களில் வளையம் தெளிவாக விழாது. அதோடு ஒட்டிப்போன வேரில் எந்த வேரை எண்ணுவது? சில நூறு ஆண்டு வாழக்கூடியவை என்று சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு பாலத்துக்கு 500 என்று எழுதுவது கற்பனை.

அன்வர்_கட்டமைப்பு

எல்லாம் படித்தேன், மதிப்பும் கூடியது. ஆனாலும் எனக்குள்ள வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நொங்ரியாட்டுக்குப் போக டிர்னா கிராமத்திலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். நமக்கு அது மலையேற்றம். அங்கே இருப்பவர்களுக்கு? பிரசவ வலி வந்த பெண்ணை அந்தப் படிகளில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். காஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் முதுகில்தான் வர வேண்டும். எஃகு வடம் போட்ட தொங்கு பாலத்தைச் சில மாதத்தில் கட்டிவிடலாம், எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கோடு சொல்லலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாதையில் 25 வருடம் காத்திருக்கச் சொல்வது நியாயமா? "பாரம்பரியம் அழிகிறது" என்று தொலைவிலிருந்து கவலைப்படும் நாம் யாரும் நம் ஊர்ச் சாலையை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

வானதி

இதை யாராவது கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

ஷில்லாங்வாசி

அன்வர் பாய் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். அந்த ஊர்க்காரர்களும் சாலை வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். நொங்ரியாட் வழியிலேயே ஆற்றுக்கு மேல் கம்பிப் பாலங்கள் இருக்கின்றன, ஊரார் நாள்தோறும் அவற்றில்தான் கடக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது வேறு. கம்பிப் பாலத்தை ஒப்பந்தக்காரர் கட்டிக் கணக்கு முடித்துப் போய்விடுவார். அந்த ஈரத்தில் துரு எவ்வளவு வேகமாக ஏறும் என்று உங்களுக்கே தெரியும். நடுவில் ஒரு இரும்புப் பட்டை கழன்றால் ஊரால் செய்ய முடிவது ஒன்றுமில்லை. மூங்கிலை வைத்துக் கட்டுவார்கள், பிறகு மனு எழுதுவார்கள். வேர்ப் பாலத்துக்கு வேண்டிய பொருளும் ஊரில் இருக்கிறது, கைத்திறனும் ஊரில் இருக்கிறது. அந்தத் திறன் ஒரு தலைமுறை கைவிட்டால் போய்விடும். புத்தகத்தில் படித்துத் திரும்பக் கற்க முடியாத வேலை.

ஆகவே இரண்டும் இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. பெரிய ஆறு, பள்ளிக்கூட வழி, நோயாளி போகும் வழி என்றால் எஃகு. தோட்டத்து ஓடைகளுக்கு வேர். ஒரே ஒரு கட்டாய நிபந்தனை வைப்பேன்: எஃகு வடத்தை வேர்ப் பாலத்து மரத்திலேயே கட்டக் கூடாது, வேரின் மேல் கான்கிரீட் ஊற்றக் கூடாது. அது மரத்தைக் கொல்லும்.

இதில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் வங்கி அலுவலர் ஒருவர் சோஹ்ராவுக்கு அருகே லைட்கின்சூ கிராமத்தில் குடியேறி, விடுதி தொடங்கி, இந்தப் பாலங்களை வெளியுலகத்துக்குக் காட்டினார். 2000க்குப் பிறகு பயணிகள் வரத் தொடங்கியதில் அவர் உழைப்பு பெரிது. வெளியாட்கள் தேடி வந்து பார்க்கிறார்கள் என்ற பிறகு பழைய பாலங்களுக்குப் புது மதிப்பு வந்தது.

அன்வர்_கட்டமைப்பு

மரத்தில் வடம் கட்டக் கூடாது என்பதைப் பொறியாளனாக நானும் வழிமொழிகிறேன். வளரும் ஒன்றில் நங்கூரம் போட்டால் இழுவிசை மாறிக்கொண்டே இருக்கும், கட்டுப் போட்ட இடத்தில் பட்டை நெரியும்.

கேட்க நினைத்தது: மேகாலயா நிலநடுக்க அபாயம் மிக அதிகமுள்ள பகுதியில் வருகிறது. 1897 ஜூன் 12 நிலநடுக்கத்தில் ஷில்லாங்கின் கல் கட்டிடங்கள் எல்லாம் விழுந்தன, தெற்குச் சரிவுகளில் மலையே சரிந்தது. அப்படிப்பட்ட நிலத்தில், நெகிழ்ந்து கொடுக்கும் வேர்வலை எப்படி நடந்துகொள்ளும் என்பதை யாராவது ஆராய வேண்டும். அந்த ஆய்வுக்கு என்னால் ஆன உதவியைச் செய்வேன்.

நெல்லை_ஜெகன்

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் முயன்றால் என்ன? வால்பாறைப் பக்கம் மழை நிறைய உண்டே. வனத்துறை ஒரு பாலம் வளர்த்தால் சுற்றுலாவும் பெருகும்.

கார்த்திகா

ஜெகன், எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஃபைகஸ் எலாஸ்டிகா அந்தக் காட்டு மரம் அல்ல. சோலைக் காட்டு ஓரத்தில் வெளிமரத்தை நடச் சொல்லமாட்டேன். நம் ஆலிலேயே செய்யலாம் என்று வைத்துக்கொண்டாலும், சுற்றுலாவுக்காக நட்டதை இருபத்தைந்து வருடம் தினமும் யார் செருகிச் சீராக்குவார்கள்? அங்கே பாக்குத் தோட்டத்துக்குப் போகும் கால்கள் இருந்தன.

ஜெர்மனியில் லுட்விக் குழு பிளேன், வில்லோ மரங்களை ஒட்டவைத்துக் கட்டிடம் வளர்க்கிறது. நகோல்ட் நகரில் 2012இல் தொடங்கிய கனசதுர வடிவப் பச்சைக் கட்டிடம் ஒன்று நிற்கிறது. அவர்கள் தங்கள் குளிர் நாட்டுக்குப் பொருந்தும் மரத்தை எடுத்துக்கொண்டார்கள், மேகாலயா மரத்தைக் கொண்டுபோகவில்லை.

மலைநாடன்

2022இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இந்தப் பாலங்கள் சேர்ந்தன. எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அதில் வருகின்றன. பாலத்தை மட்டும் சொல்லாமல் "பண்பாட்டு நிலப்பரப்பு" என்று, ஊரையும் காட்டையும் தோட்டத்தையும் சேர்த்து எழுதியிருப்பது எனக்குப் பிடித்தது. ஷில்லாங்வாசி ஐயா சொன்னதுதான் அதன் சாரம்: தோட்டம் இல்லாமல் பாலம் இல்லை.

பயம் ஒன்று உண்டு. பட்டியலில் ஏறினால் கூட்டம் இன்னும் பெருகும். நொங்ரியாட்டிலும் மௌலின்னோங் பக்கத்து ரிவாய் பாலத்திலும் இப்போதே நெரிசல்.

ஷில்லாங்வாசி

உண்மை. இந்தப் பாலங்கள் கூடையோடு ஒருவர் பின் ஒருவராகக் கடந்து போவதற்காக வளர்க்கப்பட்டவை. இருபது பேர் நடுவில் நின்று படம் எடுப்பதற்கு அல்ல. மண் இறுகிவிட்டால் நடைபாதைக்குள் வேர் மூச்சுவிட முடியாது. பக்கத்தில் தொங்கும் இளம் விழுதைப் பிடித்து ஆடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த இளம் விழுதுதான் நாளைய கைப்பிடி.

ஆனால் கூட்டத்தால் வந்த நன்மையையும் மறைக்க மாட்டேன். நொங்ரியாட்டில் இன்று பல குடும்பங்கள் தங்கும் வீடு நடத்துகின்றன, பிள்ளைகள் வழிகாட்டிகளாகச் சம்பாதிக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் ஊருக்குப் போகிறது. பாக்குச் சந்தை போன பிறகு பாலத்துக்குக் கிடைத்த புதுக் காரணம் அது.

வெளியில் அதிகம் பேசப்படாத நல்ல செய்தி, புதுப் பாலங்களும் வளர்கின்றன என்பது. சோஹ்ரா பக்கம் சியெஜ் கிராமத்தில் உம்கார் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் கொண்டுபோனது. ஊரார் விழுதுகளை மறுபடி இழுத்து வளர்க்கத் தொடங்கினார்கள். ரங்திலியாங் கிராமத்தின் மார்னிங்ஸ்டார் கோங்தாவ் என்ற இளைஞர் பாலங்களுக்காகவே ஒரு அமைப்பை உருவாக்கி, ஊர் ஊராகப் போய்ப் பழைய பாலங்களைச் செப்பனிடுகிறார், புது மரம் நடுகிறார், பெரியவர்களிடமிருந்து வேலையைக் கற்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் ஊர்ப் பக்கத்தில்தான் அறியப்பட்டவற்றில் மிக நீளமான வேர்ப் பாலம் இருக்கிறது, 50 மீட்டருக்கு மேல்.

வானதி

ஐயா, அடுத்த குளிர்காலத்தில் அம்மாவோடு வர நினைக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எந்தப் பாலம் பார்க்கலாம்? ஊருக்குப் பயன்படும்படி எப்படி வருவது?

ஷில்லாங்வாசி

அம்மாவோடு என்றால் நொங்ரியாட் வேண்டாம் அம்மா. இறங்குவது எளிது, ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். ரிவாய் பாலத்துக்குக் குறைந்த படிகள்தான், மெதுவாகப் போய்விடலாம். வார நாளில், காலையிலேயே போங்கள், நெரிசல் இருக்காது. நீங்கள் மட்டும் இன்னொரு நாள் நடக்கத் தயார் என்றால் பைனுர்ஸ்லா வழியாக ரங்திலியாங், அல்லது ஜெயின்டியா பக்கம் படு, நொங்பாரே, குடெங் ரிம் என்று கூட்டம் குறைந்த ஊர்கள் உண்டு.

குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர், அங்கிருந்து சோஹ்ரா 55 கிலோமீட்டர். நவம்பர் முதல் மார்ச் வரை பாதை காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் பாசி வழுக்கும். ஊருக்குள் ஒரு இரவாவது தங்குங்கள், ஊர்ப் பையன் ஒருவரையே வழிகாட்டியாக அழைத்துக்கொள்ளுங்கள், கட்டணத்தில் பேரம் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான குடும்பங்கள் தேவாலயத்துக்குப் போய்விடுவார்கள், அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். பாலத்தின் மேல் நிற்காமல் கடந்துபோய், கரையில் நின்று படம் எடுங்கள். வீட்டில் க்வாய் கொடுத்தால் மறுக்காதீர்கள். பச்சைப் பாக்கு காதைச் சூடாக்கி வியர்க்க வைக்கும், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.